விலங்குகள் பேசும் அரசியல்: உருவகக் கதைகளில் பிரச்சாரமும் அதிகாரமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசியல் உருவகக் கதை என்று எதைச் சொல்கிறோம்?

மேலே ஒரு கதை ஓடும், அடியில் நிஜ அரசியல் ஒன்று ஓடும், இரண்டும் இடத்துக்கு இடம் பொருந்தும். ஆனால் மேலே ஓடுகிற கதை தன் காலில் நிற்க வேண்டும். அடியில் இருப்பது என்னவென்றே தெரியாத பத்து வயதுக் குழந்தை படித்தாலும் கதையில் வருகிற குதிரைக்காக அழ வேண்டும். அப்படி நிற்காத கதை வெறும் விடுகதை, விடை தெரிந்ததும் தூக்கிப் போட்டுவிடலாம். இங்கே பெரும்பாலும் ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’யை (1945) வைத்தே பேசப்போகிறேன். வருகிற கேள்விகளில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான், அப்புறம் பிரச்சாரம் எப்படி வேலை செய்கிறது என்பதை இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு துல்லியமாகக் காட்டிய வேறு கதையை நான் படித்ததில்லை.

படிக்காதவர்களுக்கு, கதை என்ன?

ஜோன்ஸ் என்ற குடிகாரப் பண்ணைக்காரரை விலங்குகள் விரட்டிவிட்டு, எல்லோரும் சமம் என்று ஏழு கட்டளைகளைச் சுவரில் எழுதிவைத்துப் பண்ணையைத் தாங்களே நடத்தத் தொடங்குகின்றன. படிக்கத் தெரிந்த பன்றிகள் நிர்வாகத்தை எடுத்துக்கொள்கின்றன. இரண்டு தலைவர்களில் நெப்போலியன், தான் ரகசியமாக வளர்த்த ஒன்பது நாய்களை ஏவி ஸ்னோபாலைத் துரத்திவிடுகிறது. அதன்பிறகு ஒவ்வொரு கட்டளையாகத் திருத்தப்படுகிறது, உணவு குறைகிறது, வேலை கூடுகிறது, கொலைகள் நடக்கின்றன. கடைசியில் பன்றிகள் இரண்டு காலில் நடந்து, மனிதர்களோடு உட்கார்ந்து சீட்டாடுகின்றன.

நேரடியாகச் சொல்லாமல் ஏன் சுற்றி வளைக்க வேண்டும்?

பயம்தான் பழைய காரணம். ஈசாப்பு கதைகளை லத்தீனில் செய்யுளாக்கிய பீட்ரஸ், வாயைத் திறந்து பேச முடியாத அடிமை தன் மனதில் இருப்பதைக் கதைக்குள் ஒளித்து வைத்தான், நீதிக்கதை பிறந்ததே அப்படித்தான் என்று எழுதியிருக்கிறார். ரஷ்யாவில் ஜார் காலத்துத் தணிக்கையிலிருந்து தப்ப எழுத்தாளர்கள் பழகிய மறைமுக நடைக்கு ‘ஈசாப்பு மொழி’ என்றே பெயர் உண்டு.

ஆனால் பயம் மட்டும்தான் காரணம் என்றால், சுதந்திரம் வந்ததும் இந்த வகை செத்திருக்க வேண்டும். சாகவில்லையே. பக்கச்சார்பு என்று நாம் உடனே கதவடைத்துவிடுகிற விஷயத்தைக் கதை பக்கத்துக் கதவு வழியாக உள்ளே கொண்டுவந்துவிடுகிறது என்பது இன்னொரு காரணம். ஒரு நாட்டின் பெயரைச் சொன்னால், நீங்கள் எந்தக் கட்சியோ அந்தக் கட்சியின் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்வீர்கள். ஒரு கோழியின் முட்டையைப் பிடுங்கினார்கள் என்றால் முதலில் கோபம் வரும், கட்சி அப்புறம்தான் ஞாபகத்துக்கு வரும்.

அதிகாரத்தில் இருப்பவர்கள் இந்த வித்தையைப் பார்த்து எவ்வளவு மிரளுவார்கள் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் கென்யா. கூகி வா தியாங்கோ 1986இல் கிக்கூயூ மொழியில் ‘மாட்டிகரி’ என்ற நாவலை வெளியிட்டார். நாட்டில் உண்மையையும் நீதியையும் கேட்டுக்கொண்டு அலைகிற ஒருவனின் கதை. மக்கள் அவனைப் பற்றிப் பேசிக்கொள்வதைக் கேட்ட அரசு, மாட்டிகரி என்ற ஆளைக் கைது செய்ய உத்தரவு போட்டது, அவன் கதாபாத்திரம் என்று தெரிந்த பிறகு 1987இல் புத்தகத்தைக் கைப்பற்றியது. இதைக் கூகியே எழுதியிருக்கிறார். விமர்சகர் கொடுக்க முடியாத பாராட்டு இது.

நெப்போலியன் ஸ்டாலின், ஸ்னோபால் டிராட்ஸ்கி, அவ்வளவுதானே?

அவ்வளவு மட்டும் என்றால் சோவியத் ஒன்றியம் உடைந்த 1991க்குப் பிறகு யாரும் படிக்கத் தேவையில்லை. ஆமாம், பொருத்தங்கள் உண்மைதான். ஸ்னோபால் துரத்தப்படுவது, சோவியத் அதிபர் ஸ்டாலினோடு அதிகாரப் போட்டியில் தோற்ற புரட்சித் தலைவர் டிராட்ஸ்கி 1929இல் நாடு கடத்தப்பட்டது. விலங்குகள் செய்யாத குற்றங்களை வரிசையாக ஒப்புக்கொண்டு கொல்லப்படுவது 1936 முதல் 1938 வரை ஸ்டாலின் தன் பழைய தோழர்கள்மேல் நடத்திய மாஸ்கோ விசாரணைகள். கடைசிச் சீட்டாட்டம், ஸ்டாலின் அமெரிக்க, பிரிட்டிஷ் தலைவர்களோடு உட்கார்ந்து பேசிய 1943 டெஹ்ரான் மாநாடு, இதை ஆர்வெல்லே சொல்லியிருக்கிறார்.

இன்னொரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும், பலருக்குத் தெரியாது. காற்றாலை வெடிக்கிற இடத்தில் நெப்போலியன் உட்பட எல்லா விலங்குகளும் தரையில் விழுந்தன என்றுதான் முதலில் இருந்தது. புத்தகம் அச்சுக்குப் போகும் நேரத்தில் ஆர்வெல் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதி, ‘நெப்போலியனைத் தவிர’ என்று மாற்றச் சொன்னார். ஜெர்மானியப் படை நெருங்கியபோது ஸ்டாலின் மாஸ்கோவைவிட்டு ஓடவில்லை, ஆகவே அவருக்கு நியாயமாக இருக்க வேண்டும் என்பதுதான் காரணம். பிரச்சாரத்தைத் தாக்கி எழுதுகிறவர் தன் எதிரியைப் பற்றி ஒரு வரியில்கூடப் பொய் வரக் கூடாது என்று பார்த்தார். எனக்கு இந்த நூலின் மேல் நம்பிக்கை வருவது அந்த ஒரு திருத்தத்தால்தான்.

ஸ்க்வீலர் செய்வது வெறும் பொய்தானே? அதில் படிக்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. ஸ்க்வீலர் நெப்போலியனின் ஊதுகுழலாக வேலை செய்யும் பன்றி. அது சொல்கிற பொய்கள் ஒன்றும் பிரமாதமானவை இல்லை, ஆனால் அது பொய்க்கு முன்னும் பின்னும் என்ன செய்கிறது என்று பாருங்கள்.

முதலில், சலுகையைத் தியாகமாக மாற்றுகிறது. பாலையும் ஆப்பிளையும் பன்றிகள் எடுத்துக்கொண்டதும் வந்து சொல்கிறது: எங்களில் பலருக்கு இதெல்லாம் பிடிக்கவே பிடிக்காது, உங்களுக்காகத்தான் சாப்பிடுகிறோம், மூளை வேலை செய்பவர்கள் நாங்கள், எங்களுக்கு ஏதாவது ஆனால் ஜோன்ஸ் திரும்பி வந்துவிடுவார், வர வேண்டுமா? அந்தக் கடைசிக் கேள்விக்கு யாரும் ‘வரட்டும்’ என்று சொல்ல முடியாது. கேட்டது பாலைப் பற்றி, பதில் சொல்ல வேண்டியது ஜோன்ஸைப் பற்றி. எந்த விவாதத்திலும் கேள்வி இப்படி நடுவில் ஆள் மாறுகிற இடத்தைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது, சொற்களைக் கழுவுகிறது. ரேஷன் குறைக்கப்பட்டால் அது ‘குறைப்பு’ ஆகாது, ‘சீரமைப்பு’ என்றுதான் சொல்லும். கூடவே ஒரு நீளமான காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, இந்த உற்பத்தி 200 சதவீதம், அது 300, இன்னொன்று 500 என்று வாசிக்கும். எண்கள் குறைந்து சோறு கூடினால் தேவலை என்று சில நாட்களில் விலங்குகளுக்குத் தோன்றும் என்று ஆர்வெல் போகிற போக்கில் எழுதுகிறார். சிரிப்பு வரும், கொஞ்ச நேரம்தான்.

மூன்றாவதுதான் உண்மையில் பயங்கரமானது. மனிதர்களோடு வியாபாரம் செய்யக் கூடாது என்று ஆரம்பத்தில் தீர்மானம் போட்டோமே என்று சில விலங்குகளுக்கு லேசாக ஞாபகம் வருகிறது. ஸ்க்வீலர் கோபப்படவில்லை, மிரட்டவில்லை. நீங்கள் அதைக் கனவில் கண்டிருக்கலாமே, எங்காவது எழுதி இருக்கிறதா என்று அமைதியாகக் கேட்கிறது. எழுதி இல்லை. ஆகவே தாங்கள்தான் தப்பாக நினைத்துவிட்டோம் என்று அவை ஒதுங்கிவிடுகின்றன. புதுப் பொய்யை நம்பவைக்க அது மெனக்கெடவே இல்லை, அவரவர் ஞாபகத்தின் மேல் அவரவருக்கே சந்தேகம் வரவைத்தது, போதும். தன் ஞாபகத்தை நம்பாதவனுக்கு எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.

கட்டளைகளை மாற்றுகிற இடம் எனக்குக் கொஞ்சம் மிகையாகத் தெரிகிறது. சுவரில் எழுதியதை மாற்றினால் தெரியாதா?

தெரிகிறதே! குளோவர் என்ற பெண் குதிரைக்கு ‘விலங்குகள் கட்டிலில் படுக்கக் கூடாது’ என்றுதான் ஞாபகம். வெள்ளாட்டை அழைத்துப் படிக்கச் சொன்னால் ‘விரிப்பு போட்ட கட்டிலில்’ என்று இருக்கிறது. விரிப்பு பற்றி ஞாபகம் இல்லை, ஆனால் சுவரில் இருக்கிறதே, அப்போது இருந்திருக்கத்தான் வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறது. ஒரு ராத்திரி ஸ்க்வீலர் அந்தச் சுவரடியில், உடைந்த ஏணிக்குப் பக்கத்தில், கவிழ்ந்த வெள்ளைப் பெயின்ட் டப்பாவோடு விழுந்து கிடக்கிறது. அதைப் பார்த்தும் ஒரு கழுதையைத் தவிர யாருக்கும் புரியவில்லை.

மிகை என்று தோன்றினால் சோவியத் காலத்துப் புகைப்படம் ஒன்றைத் தேடிப் பாருங்கள். மாஸ்கோ–வோல்கா கால்வாய்க் கரையில் ஸ்டாலின் பக்கத்தில் ரகசியப் போலீஸ் தலைவர் யெஷோவ் நிற்கிறார், அவர் கொல்லப்பட்ட பிறகு அதே படத்தில் அவர் நின்ற இடத்தில் தண்ணீர்தான் இருக்கிறது.

ஆர்வெல்லுக்கு இது ஏட்டுப் படிப்பாக வரவில்லை. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் சண்டையிட்டுக் கழுத்தில் குண்டடி பட்டவர். சண்டையே நடக்காத இடங்களில் பெரும் போர் நடந்ததாகவும், நூற்றுக்கணக்கானோர் செத்த இடத்தில் ஒன்றும் நடக்காததாகவும் பத்திரிகைகள் எழுதியதை அங்கே கண்ணால் பார்த்தார். பிறகு 1941 முதல் 1943 வரை பிபிசியில் இந்தியாவுக்கான ஒலிபரப்பில், அதாவது போர்க்காலப் பிரச்சார எந்திரத்தின் உள்ளேயே, சம்பளத்துக்கு வேலை பார்த்தார். அந்த வேலையை விட்ட கையோடு எழுதத் தொடங்கிய கதை இது.

அப்படியானால் அந்த விலங்குகள் முட்டாள்கள் என்பதுதான் கருத்தா?

இல்லை, இந்தக் கேள்விதான் அதிகமாக வருகிறது, இதில்தான் அதிகமானவர்கள் வழுக்கி விழுகிறார்கள்.

ஸ்க்வீலர் நம்பும்படி பேசுகிற இடங்களில் எல்லாம் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று கவனியுங்கள். ஓர் இடத்தில் அது மிகத் திறமையாகப் பேசியது, கூட வந்திருந்த மூன்று நாய்கள் மிக பயங்கரமாக உறுமின, ஆகவே மேற்கொண்டு கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டன என்று ஒரே மூச்சில் வருகிறது. பேச்சையும் உறுமலையும் ஆர்வெல் பிரிக்கவே இல்லை. நாய்கள் இல்லாமல் ஸ்க்வீலரை அனுப்பிப் பாருங்கள், ஒரு வாரம் தாங்காது. நம்பிவிடுவது பாதுகாப்பானது, சந்தேகப்பட்டால் குரல்வளை போகும் என்ற நிலையில் ‘நம்பிக்கை’ என்ற சொல்லுக்கே பெரிய அர்த்தம் கிடையாது. எதிர்ப்புத் தெரிவித்த நான்கு இளம் பன்றிகளும் இருந்தன, முட்டாள்களே இல்லை, பின்னால் கொலை செய்யப்படுகிற முதல் வரிசையில் அவைதான் நிற்கின்றன.

அப்புறம் செம்மறி ஆடுகள். யாராவது வாயைத் திறக்கப் போகும்போது ‘நாலு கால் நல்லது, ரெண்டு கால் கெட்டது’ என்று கால்மணி நேரம் கத்தி விவாதத்துக்கே இடமில்லாமல் செய்துவிடும். யாரையும் மனம் மாற்றுவது ஆடுகளின் வேலை இல்லை, மற்றவர் பேச்சு காதில் விழாமல் செய்வதுதான். திரும்பத் திரும்பக் கேட்ட வாக்கியம் உண்மை போலத் தோன்றும் என்பதை உளவியலாளர்கள் 1977இல் சோதனை செய்து காட்டினார்கள், அதன்பின் பலமுறை உறுதியாகியிருக்கிறது. படித்தவர்களுக்கும் இது பொருந்தும், ஆகவே ஆடுகளைப் பார்த்து ரொம்பச் சிரிக்க வேண்டாம்.

அதோடு களைப்பு. நாள் முழுக்கக் கல் சுமந்துவிட்டு வருகிறவர்களுக்குச் சுவரைப் போய்ச் சரிபார்க்கத் தெம்பு எங்கே? பன்றிகள் அவர்களை ஓயாமல் வேலை வாங்குவதற்கு உற்பத்தி மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை.

எல்லாம் கெட்டுப்போனது எந்த இடத்தில்?

நாய்கள் வந்தபோது என்று பெரும்பாலோர் சொல்வார்கள். ஆர்வெல் பாலும் ஆப்பிளும் போன இடம்தான் என்றார், 1946 டிசம்பரில் டுவைட் மெக்டொனால்டு என்ற அமெரிக்க விமர்சகருக்கு எழுதிய கடிதத்தில். அப்போதே மற்ற விலங்குகள் காலை ஊன்றி நின்றிருந்தால் சரியாகியிருக்கும். அந்த இடத்தில் ஸ்னோபாலும் சேர்ந்துதான் சாப்பிடுகிறது என்பதையும் கவனியுங்கள். ஸ்னோபால் ஆண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று வாதாடுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பாக்ஸர் ஏன் கடைசிவரை திருந்தவில்லை?

பாக்ஸர் வண்டிக்குதிரை. ‘இன்னும் கடுமையாக உழைப்பேன்’, ‘நெப்போலியன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்’, இந்த இரண்டைத் தவிர அதற்குக் கொள்கை கிடையாது. ஆனாலும் ஒரு தடவை எதிர்த்துப் பேசுகிறது: ஸ்னோபால் ஆரம்பத்திலிருந்தே துரோகி என்பதை நான் நம்பமாட்டேன், ஜோன்ஸோடு நடந்த சண்டையில் அது அடிபட்டதை நானே பார்த்தேன் என்கிறது. நெப்போலியனே அப்படிச் சொல்லியிருக்கிறார் என்றதும் அடங்கிவிடுகிறது. போகும்போது ஸ்க்வீலர் அதை ஒரு பார்வை பார்க்கிறது.

சில நாளில் மூன்று நாய்கள் பாக்ஸர் மேல் பாய்கின்றன. அது ஒரு நாயைக் குளம்பால் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, நசுக்கவா விடவா என்று நெப்போலியன் முகத்தைப் பார்க்கிறது! கதையின் முழுப் பலமும் அந்தக் குளம்பின் கீழ் இருக்கிறது. 1947 உக்ரேனியப் பதிப்பின் முன்னுரையில் ஆர்வெல் இந்தக் கதை எப்படித் தோன்றியது என்று சொல்கிறார்: பத்து வயதுப் பையன் ஒருவன் பிரம்மாண்டமான வண்டிக்குதிரையைக் குறுகலான பாதையில் சாட்டையால் அடித்து ஓட்டிக்கொண்டு போனான், தன் பலம் தனக்குத் தெரிந்தால் இந்தக் குதிரையை நம்மால் என்ன செய்ய முடியும் என்று அவருக்குத் தோன்றியது. தெரியாமல் போனதுதான் பாக்ஸர். கடைசியில் அதைக் குதிரை வெட்டுகிறவனுக்கு விற்றுவிட்டு, வண்டியில் இருந்த பெயர் பழைய முதலாளியுடையது, மருத்துவர் இன்னும் பெயின்ட் மாற்றவில்லை என்று விளக்கம் கொடுக்கிறார்கள். அந்தப் பணத்தில் விஸ்கி வருகிறது.

பெஞ்சமினுக்கு எல்லாம் தெரியும். அதை எப்படி எடுத்துக்கொள்வது?

பெஞ்சமின் என்ற கழுதைக்குப் பன்றிகள் அளவுக்குப் படிக்கத் தெரியும், படிப்பதற்கு உருப்படியாக எதுவும் இல்லை என்று சும்மா இருந்துவிடும். ஏணியடியில் ஸ்க்வீலர் விழுந்து கிடந்தபோது புரிந்துகொண்டு தலையாட்டியது அது ஒன்றுதான். பலருக்குப் பெஞ்சமின்மேல் ஒரு பிரியம், அறிவாளி, விரக்தியடைந்த ஞானி என்று. எனக்கு அதன்மேல் கோபம்தான் வருகிறது. வண்டியில் எழுதியிருப்பதை அது வாய்விட்டுப் படிப்பதே பாக்ஸரை ஏற்றிய பிறகுதான்.

இது கம்யூனிச எதிர்ப்புப் புத்தகமா?

ஸ்டாலினிச எதிர்ப்பு. ஆர்வெல் கடைசிவரை தன்னை ஜனநாயக சோஷலிஸ்ட் என்றே சொல்லிக்கொண்டார். கதையிலும் மனிதப் பண்ணைக்காரர்கள் யாரும் நல்லவர்கள் இல்லை, பன்றிகளின் உச்சகட்ட வீழ்ச்சியே மனிதர்களைப் போல ஆகிவிட்டதுதான்.

ஆனால் எந்தப் பக்கமும் அதை அப்படியே விட்டுவைக்கவில்லை. சோவியத் ஒன்றியம் நேச நாடாக இருந்த காலம் என்பதால் லண்டனில் கொலான்ஸ், கேப், ஃபேபர் என்ற பதிப்பகங்கள் எல்லாம் வெளியிட மறுத்தன. கேப் முதலில் சரி என்றுவிட்டுத் தகவல் அமைச்சக அதிகாரி ஒருவரின் ஆலோசனையால் பின்வாங்கியது, அந்த அதிகாரி பின்னாளில் சோவியத் உளவாளி என்று தெரியவந்த பீட்டர் ஸ்மோலெட் என்று கருதப்படுகிறது. ஃபேபரிலிருந்து கவிஞர் டி. எஸ். எலியட் 1944 ஜூலையில் எழுதிய மறுப்புக் கடிதம் தனிச்சுவை: பன்றிகள்தான் அதிகம் அறிவுள்ளவை, ஆகவே பண்ணையை நடத்தத் தகுதியானவை, தேவைப்பட்டது இன்னும் பொதுநல உணர்வுள்ள பன்றிகள் என்று யாராவது வாதிடலாமே என்றார். பாலும் ஆப்பிளும் பற்றி ஸ்க்வீலர் சொன்னதைத் திரும்பப் படித்துவிட்டு இதைப் படியுங்கள். இந்த மறுப்புகளைப் பற்றியும், சட்டம் தடுக்காமலே ஆங்கிலப் பத்திரிகைகள் தாமாக வாயை மூடிக்கொள்வதைப் பற்றியும் ஆர்வெல் எழுதிய முன்னுரை அப்போது அச்சாகவில்லை, 1972இல்தான் வெளிவந்தது.

பிறகு பனிப்போர் வந்ததும் காற்று திரும்பியது. 1954இல் வந்த கார்ட்டூன் படத்துக்குப் பின்னால் இருந்த பணம் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏயுடையது. முடிவையே மாற்றினார்கள்: பன்றியும் மனிதனும் வித்தியாசம் தெரியாமல் போகிற காட்சியில் மனிதர்களை எடுத்துவிட்டு, விலங்குகள் பன்றிகளுக்கு எதிராக மறுபடி புரட்சி செய்வதாக வைத்தார்கள். ஸ்க்வீலருக்கு இதைவிட நல்ல ஏணி கிடைக்காது. பரீட்சைக்குப் படத்தைப் பார்த்துவிட்டுப் போகாதீர்கள்.

அப்படியென்றால் உருவகக் கதையே ஒரு பிரச்சாரம்தானே?

ஆகலாம். 1938இல் நாஜி ஜெர்மனியில் ‘நச்சுக் காளான்’ என்று குழந்தைகளுக்கு ஒரு புத்தகம் போட்டார்கள், யூதர்களைக் காளானாக உருவகப்படுத்தி. எளிமை, விலங்கு அல்லது தாவரம், குழந்தைக்கும் புரிவது, எல்லாம் அதிலும் இருக்கிறது. வித்தியாசம் எங்கே என்றால், காளான் பிறப்பிலேயே நஞ்சு, அது எதையும் தேர்ந்தெடுப்பதில்லை, மாறுவதில்லை, பார்த்ததும் அழிக்க வேண்டியதுதான் மிச்சம். ஆர்வெல்லின் பன்றிகள் அப்படிப் பிறக்கவில்லை. முதல் பாலில் தொடங்கி ஒவ்வொரு படியாக, ஒவ்வொரு படியிலும் வேறு மாதிரி நடந்திருக்கலாம் என்ற இடம் விட்டு, அப்படி ஆகின்றன. ஒரு கூட்டத்தைப் பிறவியிலேயே கெட்டது என்று காட்டுகிற கதை கையில் வந்தால், யார் எழுதியிருந்தாலும், எந்த நல்ல காரணத்துக்காக எழுதியிருந்தாலும், எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இதே வகையில் வேறு என்ன படிக்கலாம்?

யெவ்கேனி ஸமியாத்தினின் ‘நாம்’, 1920–21இல் எழுதியது, 1924இல் ஆங்கிலத்தில் வந்தது, சொந்த நாட்டில் வெளிவர 1988 ஆனது. அரசை முழுமனதோடு நம்புகிறவனே கதைசொல்லி என்பதால் பிரச்சாரத்தை உள்ளிருந்து பார்க்கலாம். காரெல் சாபெக்கின் ‘நீர்ப்பல்லிகளுடன் போர்’ (1936) சிரிக்கச் சிரிக்கப் போய்க் கடைசியில் வயிற்றைக் கலக்கும், லாபத்துக்காக எல்லா நாடுகளும் பல்லிகளுக்கு ஆயுதம் கொடுக்கிற கதை. நோவயலட் புலவாயோவின் ‘குளோரி’ (2022) ஜிம்பாப்வே அரசியலை விலங்குகளை வைத்தே சொல்கிறது, சமூக ஊடகப் பேச்சும் அதில் வருகிறது. அது கொஞ்சம் நீளம் என்பது என் குறை.

‘விலங்குப் பண்ணை’யில் ஒரே ஒரு அத்தியாயம்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால்?

மொத்தமே பத்து அத்தியாயம், ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். சரி, அப்படியும் ஒன்றுதான் என்றால் ஏழாவது. உணவு தீர்ந்தது வெளியில் தெரியாமலிருக்க, தொட்டிகளில் மணலை நிரப்பி மேலே தானியத்தைத் தூவி, வெளியிலிருந்து வருகிற வக்கீலுக்குக் காட்டுவதில் தொடங்குகிறது. வாரம் 400 முட்டை விற்க ஒப்பந்தம் போட்டு, கோழிகள் எதிர்த்ததும் தீனியை நிறுத்துகிறார்கள், ஐந்து நாளில் ஒன்பது கோழிகள் சாகின்றன, நோயில் செத்ததாக அறிவிப்பு வருகிறது. ஸ்னோபால் ராத்திரியில் வந்து எல்லாவற்றையும் கெடுக்கிறது என்ற வதந்தி, பாக்ஸரின் அந்த ஒற்றை எதிர்ப்பு, ஒப்புதல் வாக்குமூலங்கள், கொலைகள், எல்லாம் இதில்தான். முடிவில் மிச்சமிருக்கும் விலங்குகள் குன்றின்மேல் ஒட்டி உட்கார்ந்து தங்கள் பழைய புரட்சிப் பாட்டை மெதுவாகப் பாடுகின்றன. ஸ்க்வீலர் இரண்டு நாய்களோடு வந்து, புரட்சிதான் முடிந்துவிட்டதே, இனி அந்தப் பாட்டுக்குத் தேவை இல்லை, தடை செய்தாயிற்று என்கிறது. யாரோ ஆட்சேபிக்கப் போகிற நேரம் பார்த்து ஆடுகள் கத்த ஆரம்பித்துவிடுகின்றன.